நான் அனுமதிக்காத வீடுகள்

எங்கள் அலுவலகத்தில் அனுமதி மறுக்கப்பட்ட கட்டடங்கள் எல்லாம் ஓர் ஊரில் இருக்கின்றன. பேருந்தில் ஐந்து மணி நேரம். சனி, ஞாயிறு போய்வரத் தோதான ஊர். போய்வந்தவர்கள் செல்போனில் படம் காட்டுவார்கள். எல்லாப் படத்திலும் ஒரு மூலையில் என் கையெழுத்து இருக்கும்.

நான் கட்டட அனுமதிப் பிரிவில் எழுத்தர். இருபத்தாறு வருடமாக அதே மேசை. வீடு கட்ட நினைப்பவர்கள் வரைபடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். விதிப்படி இருந்தால் அடுத்த மேசைக்கு அனுப்புவேன். இல்லையென்றால் 'நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மறுநாள் காலையில் அந்தக் கட்டடம் அந்த ஊரில் நிற்கும். யார் கட்டுகிறார்கள் என்று தெரியாது. அது எங்கள் பிரிவின் வேலை இல்லை.

ஒரு புதன்கிழமை வசுமதி, "அந்த ஊருக்குப் போயிட்டு வரலாம்" என்றாள்.

வசுமதி என் மனைவி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் எங்கேயும் போகலாம் என்று அவள் கேட்டதில்லை. பழக்கம் இல்லாததால் எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

"துணி எடுத்து வை."

"உங்களுது எடுத்து வெச்சுட்டேன். சின்னப் பையில இருக்கு."

அவளுடையது பெரிய பை. நான் ஏன் என்று கேட்கவில்லை. பெண்களுக்குத் துணி அதிகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் போய் இறங்கினோம். ஊர் வாசலில் டிக்கெட் கொடுக்கிறவர் என் பெயரைக் கேட்டார். தட்சிணாமூர்த்தி என்றேன். எழுந்து நின்றுவிட்டார்.

"உங்களுக்கு டிக்கெட்டா? நீங்க இல்லேன்னா இந்த ஊரே இல்லையே சார்."

பிறகு வசுமதியைப் பார்த்தார். "அம்மாவுக்கும் வேண்டாம். இங்க வீடு இருக்கிறவங்களுக்கு டிக்கெட் கிடையாது."

என் மனைவி என்பதால் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மரியாதையாக இருந்தது.

தங்கும் விடுதியும் நான் நிராகரித்ததுதான். மனையைவிடத் தாழ்வாரம் நீளம் என்பது காரணம். வசுமதி அறைச் சாவியை வாங்கிக்கொள்ள, இருவரும் கிளம்பினோம். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. ஓரிடத்தில் உட்கார பெஞ்சு போட்டிருந்தார்கள். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நடந்தேன். அறைக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. வசுமதி அதற்குள் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எப்படி வந்தே?"

"நடந்துதான்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

விடுதிக்காரரிடம் புகார் சொன்னேன். தாழ்வாரம் நடக்கிறவருக்கு எத்தனை வருட சர்வீஸ் என்று பார்த்துத்தான் நீளும் என்றார்.

மூன்று மணிக்கு ஊர் சுற்றிக் காட்ட ஜெயசீலி என்ற அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, கையில் மைக். அவர் வாய் திறப்பதற்குச் சற்று முன்பே மைக்கிலிருந்து குரல் வந்துவிடும். வாய் பின்னால் வந்து சேரும். எங்களோடு இன்னும் ஒரு பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

முதலில் தையல் மிஷின் வடிவ வீடு. ஒரு தையற்கார அம்மாள் போட்ட பிளான். மாடியில் பெரிய சக்கரம். அதைச் சுற்றினால் சமையலறை மேலும் கீழும் போய்வரும். வாசலில் என் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 'நகரும் சமையலறைக்கு விதிகளில் இடமில்லை. நிராகரிக்கப்படுகிறது.' ஒரு குடும்பம் சமையலறையில் ஏறிக்கொண்டு மேலே போய் எங்களுக்குக் கை காட்டியது. பிறகு கீழே வந்து என் கடிதத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது.

நான் பக்கவாட்டு இடத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன். சுவருக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே ஐந்தடி விட வேண்டும் என்பது விதி. ஐந்தடி இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது கூரை இல்லாத வீடு. வெளியே வெயில். சுவர்களுக்குள் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் லுங்கி கட்டிய ஒருவர் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். பெயர் கோதண்டம். ஜெயசீலி என் பெயரைச் சொன்னதும் எழுந்தார்.

"வாங்க சார். குடை இருக்கா?"

"இல்லை."

"பரவாயில்ல. கொஞ்ச நேரத்துல பழகிடும்."

முப்பது வருடம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவராம். சூடு உடம்பை விட்டுப் போகவில்லை. அதனால்தான் கூரை வேண்டாம் என்று பிளான் போட்டிருக்கிறார்.

"கூரை இல்லாதது வீடு ஆகாது" என்றேன்.

"எழுதியிருந்தீங்களே. வாசல்ல மாட்டியிருக்கேன்."

"என் மேல் கோபமா?"

அவர் யோசித்தார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நல்ல கையெழுத்து சார் உங்களுக்கு" என்றார்.

வசுமதி மழையில் இரண்டடி உள்ளே போனாள். அதுவரை அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "இங்க தனியாவா இருக்கீங்க?"

"தனியாத்தான். வீட்டுக்காரிக்கு மழை ஆகாது. பழைய ஊர்லயே இருந்துட்டா."

"கஷ்டமா இல்லையா?"

"ஒரு வாரம் கஷ்டம்மா. அப்புறம் நம்ம குரல் நமக்குக் கேட்க ஆரம்பிச்சிடும்."

"எத்தனாவது நாள்லேர்ந்து?"

"எட்டாம் நாள்."

அவள் தலையாட்டினாள். மளிகைக் கடையில் விலை கேட்டு வைத்துக்கொள்வதுபோல இருந்தது. நான் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தேன். அவள் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயசீலி எங்களை ஊரின் மேற்குக் கோடிக்கு அழைத்துப் போனார்.

"இருக்கிறதுலயே சின்னக் கட்டடம் இது" என்று மைக் சொன்னது. அவர் வாய் அசைந்தது. "ஆனா ஜனங்க அதிக நேரம் நிக்கிறது இங்கதான். பொம்பளைங்க இங்க வந்தா பேச மாட்டாங்க. ஏன்னு தெரியல."

எட்டடிக்குப் பத்தடி. ஒரே அறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல். திறந்த கதவு வழியாக உள்ளே ஒரு நாற்காலியும் ஒரு சாப்பாட்டுத் தட்டும் தெரிந்தன. வேறொன்றும் இல்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சட்டத்தில் மாட்டியிருந்த கடிதத்தைப் படித்தேன்.

'மனுதாரர்: கோ. வசுமதி. கட்டடம்: ஓர் அறை. வசிப்பவர்: ஒருவர். கதவுக்கு உள்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் கேட்கப்பட்டுள்ளது. திருமணமான பெண் தனக்கென்று தனி அறை கேட்பதற்கான காரணம் மனுவில் இல்லை. நிராகரிக்கப்படுகிறது.'

கீழே என் கையெழுத்து. தேதி பத்தொன்பது வருடம் முந்தையது. மனுதாரர் முகவரி: 14, பழைய காவல் நிலையத் தெரு.

"இது நம்ம வீட்டு விலாசம்" என்றேன்.

"ஆமா" என்றாள் வசுமதி.

"நீயா மனு போட்டே? என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். எழுத்துல குடுன்னு சொன்னீங்க."

சொல்லியிருக்கலாம். நான் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன்.

"பதில் தபால்ல வந்துது" என்றாள். "நீங்கதான் தபால்காரர்கிட்ட வாங்கி என் கையில குடுத்தீங்க."

"பிரிச்சுப் பார்க்கலையே நான்."

"உங்க பேருக்கு வரலையே."

கூட்டம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஜெயசீலியிடம் விளக்கினேன். மனுவில் விலாசம் சரிபார்ப்பது வேறு மேசை. நான் வரைபடத்தை மட்டும்தான் பார்ப்பேன். அவர் புரிகிறது என்பதுபோலத் தலையசைத்தார். நான் சொன்னது உண்மையும்கூட.

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஒன்று அம்மாவுடையது. அம்மா காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அறை இன்னும் அவருடையதுதான். ஒன்று மகனுடையது. அவன் புனேவில் இருக்கிறான். இன்னொன்றில் நான் வீட்டுக்குக் கொண்டுவரும் கோப்புகள் இருக்கின்றன. வசுமதி ஹாலில் படுப்பாள். ஹால் பெரியது. விசிறி ஓடும். இதில் குறை என்ன என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அவள் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

கூட்டத்தில் இருந்த நான்கு பெண்கள் கை தட்டினார்கள். அவர்களின் கணவர்கள் தட்டவில்லை.

நான் கதவைத் தட்டினேன்.

"வசு, பஸ் நாலரைக்கு."

"தெரியும்."

"சாப்பாடு?"

"நீங்க சாப்பிடுங்க."

"எங்க கிடைக்கும்னு தெரியாதே."

"விசாரிங்க."

"எப்ப வருவே?"

உள்ளே ஏதோ துணியை உதறி மடிக்கிற ஓசை. "எட்டு நாள் இருந்து பார்க்கணும்" என்றாள்.

எட்டு நாள். சர்க்கரை மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, உள்ளங்கையில் வந்து விழும். தண்ணீர் கூடவே வரும். வீட்டுச் சாவிக்கொத்தில் எது வாசல் சாவி என்றும் தெரியாது. நான் போகும்போதும் வரும்போதும் கதவு திறந்தே இருந்திருக்கிறது. இதையெல்லாம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு நினைத்துப் பார்த்தேன். அவள் உள்ளே இருந்தால் நான் எங்கேயும் இல்லாத மாதிரி இருந்தது.

ஜெயசீலி ஊர் அலுவலகத்துக்கு வழி காட்டினார்.

அலுவலகத்தில் கவுண்டர் தரையோடு தரையாக இருந்தது. படுத்துக்கொண்டுதான் பேச வேண்டும். எனக்கு முன்னால் மூன்று பேர் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். நானும் படுத்தேன். ஊர்ந்து ஊர்ந்து முன்னால் போனேன். சிறிய கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஓர் எழுத்தர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பெயர்ப் பலகையில் லூர்துசாமி என்று இருந்தது.

"கவுண்டரைக் கொஞ்சம் உயரமாக வைக்கக் கூடாதா?" என்றேன்.

"நின்னுக்கிட்டுப் பேசுறவங்க குரல் மேலயே போயிடுது சார். எங்களுக்குக் கேட்கிறதில்ல. என்ன விஷயம்?"

"என் மனைவி ஒரு வீட்டுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா."

"வீடு யாருது?"

"அவளுது."

"அப்ப என்ன தப்பு?"

"நான் வெளியே இருக்கேன்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு வரைபடத்தை எடுத்துவந்து தரையில் விரித்தார். "இதுல நீங்க எங்கயாவது இருக்கீங்களான்னு பாருங்க."

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். பென்சில் கோடுகள். பத்தொன்பது வருடம் முன்பு நான் கையெழுத்துப் போட்ட தாள்தான் அது. இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அளவுகள் சரியாக இருந்தன. சுவர் கனம் சரியாக இருந்தது. மேற்கு எது என்று அம்புக்குறி போட்டிருந்தாள். நாற்காலியில் ஒரு சின்ன உருவம் வரைந்திருந்தது. கொண்டை போட்ட உருவம். இரண்டு கால்களையும் ஜன்னல் விளிம்பில் தூக்கி வைத்திருந்தது. வசுமதி அப்படிக் கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கால் நீட்டத் தெரியும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"ஓர் ஆள்தான் இருக்கு" என்றார் லூர்துசாமி.

"என்னைச் சேர்க்க முடியுமா?"

"திருத்த மனு குடுங்க. வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும். காரணம் எழுதணும்."

படுத்தபடியே எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'கணவர்' என்று போட்டேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது உறவு. காரணம் இல்ல."

நான் யோசித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ என் செருப்பைத் தட்டி அவசரப்படுத்தினார்கள். 'கணவர்' என்பதை அடித்துவிட்டு, 'மாத்திரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை' என்று எழுதினேன்.

"இது காரணம்" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

திரும்பிவந்து மனுவைக் கதவின் அடியில் தள்ளினேன். கூட்டம் போயிருந்தது. ஜெயசீலி மட்டும் நிழலில் நின்று மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ தாள்களை வசுமதியிடம் நீட்டியிருக்கிறேன். மகனின் கல்லூரிப் படிவம், அவள் பேரில் இருந்த மனையை விற்ற பத்திரம், எல்லாவற்றிலும் நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். படித்துப் பார்த்ததில்லை. இதைப் படிக்கிறாள் என்று தெரிந்தது.

"காரணம் இது மட்டும்தானா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஏன்?"

"வேற ஏதாவது இருக்கான்னு கேட்டேன்."

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். நெஞ்சுக்கூட்டில் ஏதோ இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. கட்டமோ சிறியது.

"ஒரு காரணம் போதும்னு சொன்னாங்க" என்றேன்.

ஜெயசீலி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாள் கதவின் அடியில் வெளியே வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தாள். தாழ்ப்பாள் விலகியது.

நான் உள்ளே காலை வைத்தேன். வைத்ததும் அவள் வெளியே நின்றாள். யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒருவரை ஒருவர் தாண்டிப் போகவும் இல்லை. அறை ஒருவருக்கானது. ஒருவருக்குத்தான் இடம் கொடுத்தது. அவள் பை அவளோடு வெளியே போயிருந்தது. ஒரு புடவையின் ஓரம் பையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நடந்தும் படுத்தும் முட்டி வலித்தது.

வசுமதி ஜன்னல் பக்கம் வந்தாள். "நீல மூடி போட்ட டப்பா. சமையல்கட்டு அலமாரியில மேல் தட்டு. சர்க்கரை மாத்திரை அதுலதான் இருக்கு. இருபது வருஷமா அங்கதான் இருக்கு."

"சரி" என்றேன்.

"வாசலுக்கு நீளச் சாவி."

"சரி."

இனி நான் அங்கே இருக்கக் காரணம் இல்லை. எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். வரலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது காற்று வந்தது. அப்படி ஒரு காற்று எங்கள் வீட்டில் எந்த அறையிலும் வந்ததில்லை. வியர்வை அடங்கியது. நாற்காலியின் முதுகு சரியான இடத்தில் சாய்ந்திருந்தது. ஜன்னல் விளிம்பு சரியான உயரத்தில் இருந்தது. நான் கால்களைத் தூக்கி அதன் மேல் வைத்தேன்.

"காத்து வருதா?" என்று கேட்டாள்.

"வருது."

"அதுக்குத்தான் ஜன்னலை மேற்கால போட்டேன்."

"நல்லா போட்டிருக்கே வசு. நல்ல பிளான்."

பத்தொன்பது வருடம் கழித்துச் சொன்னேன். என் வேலையில் யாருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை.

நான் வெளியே வந்தால் அவள் உள்ளே போகலாம். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே மரம் இல்லை. வரைபடத்தில் மரம் கேட்கவில்லை அவள்.

"எழுந்திருக்கிறீங்களா?" என்றாள்.

"இதோ. அஞ்சு நிமிஷம்."

"சரி."

பிறகு அவள் குரல் வரவில்லை. ஜன்னலில் என் கால்களும் அவற்றுக்கு மேல் வானமும் மட்டும் தெரிந்தன. உட்கார்ந்திருக்கிறவர் கண்ணில் வேறு யாரும் படாதபடி உயரம் பார்த்துத்தான் அதை வைத்திருந்தாள். அவள் வெயிலில் எங்கே நிற்கிறாள், நிற்கிறாளா என்று பார்க்க நான் எழுந்திருக்க வேண்டும்.

கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. தொந்தரவாக இருந்தது. உட்கார்ந்தபடியே கையை நீட்டி அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.